சிவப்பு மையில் 'தண்ணீர்'

பதினொரு வரிகளுக்கு எதிரே பதினொரு முறை, சிவப்பு மையில், 'தண்ணீர்' என்று எழுதியிருந்தார் பேராசிரியர். ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு மேலிருந்து கீழே ஒரு வளைவு போட்டிருக்கலாம். அப்படிச் செய்கிற ஆள் அவர் இல்லை. பொறுமையாகப் பதினொரு முறை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்.

பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் என்ன சார் சொல்றது. நீங்கதான் எழுதிட்டீங்களே."

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கழுவிய குடுவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதோ ஒரு சொட்டு இருக்கு, மறுபடி காய வைங்க" என்று திருப்பி அனுப்பியே வாங்கிய பட்டம் அது. ஒன்பது வருஷம் கழுவும் அறையில், ஆவியிலும் அமில நெடியிலும் நின்று விரல் நுனியெல்லாம் தோல் உரிந்த பிறகுதான் அவளுக்கு அளவு மேசை கிடைத்தது. கிடைத்து நாலு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்டவளைப் பார்த்துக் குடுவையில் தண்ணீர் விட்டுவிட்டாய் என்று சொன்னால் யாருக்குத்தான் மூக்கு நுனி சிவக்காது?

"ஒரு சொட்டுகூட நான் விட்டதில்ல சார். ஒரு தடவைகூட."

"அப்போ இந்த நம்பருக்கு நீங்களே காரணம் சொல்லுங்க."

காரணம்தான் அவளுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் புதிதாக ஒரு பொருளைத் தயாரித்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத் தூள். அதைக் கரைத்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரண்டு உலோகக் குவளைகளுக்கு நடுவே ஊற்றி மின்சாரம் கொடுத்தால், அந்த மூலக்கூறுக்கு ஒரு பக்கமாக இழுப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஓர் எண்ணாக வந்துவிடும். பாடப்புத்தகத்தில் அதற்கு 'இருமுனைத் திருப்புத்திறன்' என்று பல்லைப் பெயர்க்கும் பெயர். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது 'இழுப்பு'தான்.

சொட்டக்கா கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. இருந்தாலும் இழுப்பு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். கடைத்தெருவில் ஒருவன் வலது கையைப் பிடித்துப் பொம்மைக் கடைக்கு இழுப்பான், ஒருத்தி இடது கையைப் பிடித்து எதிர்ப்புறம் சைக்கிள் கடைக்கு இழுப்பாள். சம பலம், நேர் எதிர்த் திசை. நடுவில் அவள் நட்ட கம்பம்போல நிற்பாள். இரண்டும் ஒரே கடையைப் பார்த்துவிட்டால் போச்சு, அம்மா அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும். மூலக்கூறும் அப்படித்தான். கரியமில வாயு நேர்க்கோடு. இரு முனையும் எதிரெதிரே இழுத்துக் கணக்குத் தீர்ந்துவிடும், இழுப்பு பூஜ்யம். தண்ணீர் வளைந்தது, இரு முனையின் இழுப்பும் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். ஆளைப் பார்த்தால் எலி, இழுப்பைப் பார்த்தால் புலி. அதனால்தான் அந்த ஆய்வகத்தில் எண் கொஞ்சம் கூடினாலும் முதலில் தண்ணீர்மேல்தான் பழி விழும்.

இந்த ஆரஞ்சுப் பொருளின் படத்தைப் பேராசிரியர் பலகையில் வரைந்தே காட்டியிருந்தார். இரண்டு வளையங்கள், நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்களால் ஒரு பாலம். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்றுபோல, எதிரெதிரே நீட்டிக்கொண்டு நின்றன. பூஜ்யம்தான் வந்தாக வேண்டும். மதிய வேளையில் அதே மேசையில் அளந்த சக ஊழியருக்கு மூன்று வாரமாகப் பூஜ்யமே வந்தது. காலை வேளையில் அளந்த சொட்டக்காவுக்கு ஒன்று புள்ளி ஒன்று, பூஜ்யம் புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி இரண்டு என்று வந்தது. ஏழாவது அளவு இரண்டு புள்ளி மூன்று.

"ஏழாவதைப் பாருங்க," என்று அதன்மேல் விரலை வைத்தார் பேராசிரியர். "குடுவையில குளமே இருந்திருக்கு."

அவள் ஏழாவதைப் பார்க்கவில்லை. பேராசிரியர் பதிவேட்டை மூடினார்.

"அடுத்த திங்கள்லேர்ந்து மேசையை அவரே ரெண்டு நேரமும் பாத்துக்கட்டும். நீங்க கழுவற அறைக்குப் போங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? ஒன்பது வருஷம் ஏறிய படியிலிருந்து ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டார். கழுவும் அறை கேவலமான இடம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கழுவத் தெரியாதவள் என்ற பேரோடு அங்கே போகச் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். தண்ணி இல்லன்னு காட்டறேன்."

"காட்ட முடியலன்னா?"

"நானே வாளியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

*

செவ்வாய்க்கிழமை அவள் போர் தொடுத்தாள். குடுவைகளை அடுப்பில் வைத்து எடுத்தாள். சூடு ஆறுமுன் மூடிபோட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட ஜாடிக்குள் வைத்தாள். கரைப்பானைப் புதிதாகக் காய்ச்சி வடித்தாள். வெளியே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. கரைசலைத் தெளிந்த கண்ணாடிக் குடுவையில் கலந்து, எப்போதும்போல ஜன்னல் மேடையில் ஒரு மணி நேரம் வைத்தாள். அப்படி வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பது விதி. மதிய ஊழியர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். சொட்டக்காவுக்கு விதி என்றால் விதிதான்.

எண் பூஜ்யம் புள்ளி நான்கு. மூன்று வாரத்தில் இவ்வளவு கீழே வந்ததே இல்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்படியென்றால் நிஜமாகவே தண்ணீர்தானோ என்று ஒரு பக்கம் மனசு கூசினாலும், காயவைத்தால் சரியாகிவிடும் என்றால் சரிசெய்துவிட்டுப் போகிறோம் என்று தேற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை அதைவிடக் கடுமையாகக் காயவைத்தாள். மூச்சுக்காற்றின் ஈரம்கூடப் பட்டுவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொண்டாள். பளீரென்று வெயில் அடித்தது. குடுவையைத் தூக்கிப் பார்த்தாள், சுத்தம். அளந்தாள். ஒன்று புள்ளி ஐந்து.

மறுபடி அளந்தாள். ஒன்று புள்ளி ஐந்துதான்.

மதியம் மேசையை ஏற்றுக்கொள்ள வந்த ஊழியர் எண்ணைப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷர்தான். அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும், வெளிச்சம் ஆகாது. அதனால் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரைத் தலைவலி என்பார்கள். நாளடைவில் முகத்துக்கு நேராகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். அவரும் பழகிவிட்டார்.

"அக்கா, மேசைக்கு நான் ஆசைப்பட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல தம்பி. உங்க பூஜ்யத்துல பாதியாவது எனக்கு வந்தா போதும்."

"பூஜ்யத்துல பாதி பூஜ்யம்தான் அக்கா."

சிரிக்க வேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் அவர் ஜன்னல் மறைப்பின் கயிற்றை இழுத்துவிடும் சத்தம் சரசரவென்று கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான்.

*

வீட்டில் நாத்தனார் முன்னறை முழுக்கத் துணியைப் பரப்பி வைத்திருந்தாள். திரைச்சீலை தைப்பது அவள் தொழில். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். தையல் மிஷினும் அவளுமாக அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அண்ணிக்கும் அவளுக்கும் கீரியும் பாம்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஜன்னலைப் பார்த்து ஒருத்தி திற என்பாள், ஒருத்தி மூடு என்பாள்.

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது அண்ணி? மறுபடியும் தண்ணியா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்படி எதையாவது சொல்லித் தப்பிக்கிறதுதானே? மிஷின் சரியில்லன்னு சொல்லுங்களேன்."

"அதே மிஷின்ல அவருக்குச் சரியா வருது. தூளும் ஒண்ணுதான், குடுவையும் ஒண்ணுதான். கைதான் வேற." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். சமாதானம் சொல்லிப் பழக்கமில்லாதவள்; கையிலிருந்த வேலையைப் பற்றித்தான் பேசத் தெரியும். மடியிலிருந்த பழைய திரையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? இதைப் பாருங்க. ஒரே சுருள் துணியில வெட்டி ஒரே நாள்ல ரெண்டு தெச்சேன். ஒண்ணு வெளுத்துப்போச்சு, மட்டத் துணியை வெச்சு ஏமாத்திட்டீங்கன்னு அந்தம்மா சண்டைக்கு வராங்க. போய்ப் பாத்தா, ஒண்ணைக் கிழக்கு ஜன்னல்ல மாட்டியிருக்காங்க, ஒண்ணை நடையில மாட்டியிருக்காங்க. துணி மேல தப்பா, என் கை மேல தப்பா? மடிப்பைப் பிரிச்சுக் காட்டினேன். வெயில் படாத இடம் பளிச்னு அப்படியே இருக்கு. அப்புறம்தான் வாயை மூடினாங்க."

சொட்டக்கா அந்த மடிப்பைப் பார்த்தாள். உள்ளே அடர்ந்த ஆரஞ்சு. வெளியே சோகை பிடித்த மஞ்சள்.

மதியம் சரசரவென்று கேட்ட அந்தக் கயிற்றுச் சத்தம் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைவலி மறைப்பை இறக்கிவிட்டு அளக்கிறார். அவளோ மறைப்பை ஏற்றிவிட்டு, ஜன்னல் மேடையில், கிழக்கு வெயிலில், விதிப்படி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளக்கிறாள். செவ்வாய்க்கிழமை மேகம். புதன்கிழமை வெயில்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"திரைக்குப் பின்னாடி வெச்சுத் தெப்பியே, வெளிச்சம் புகாத கறுப்புத் துணி, அது ஒரு முழம் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"ஒரு குடுவைக்குச் சட்டை தெக்கணும்."

*

வியாழக்கிழமை அவள் முதலில் செய்தது அலமாரியைத் திறந்ததுதான். எந்த அளவு எடுத்தாலும் கரைசலில் கொஞ்சம் எடுத்து, சின்னப் பழுப்புப் புட்டியில் இறுக மூடி, எண் ஒட்டி, இருட்டு அலமாரியில் வைப்பது அவள் வழக்கம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. குப்பை சேர்க்கிறாள் என்று கேலிகூடச் செய்திருக்கிறார்கள். சிவப்பு மை விழுந்த பதினொரு வரிகளுக்கும் உரிய பதினொரு புட்டிகளும் வரிசையாக நின்றன.

அவள் யோசித்தது எளிமையான யோசனை. தண்ணீர் உள்ளே போயிருந்தால், இறுக மூடிய புட்டியிலிருந்து அது எங்கே ஓடிவிடும்? இன்றைக்கு அளந்தாலும் அதே எண்தான் வர வேண்டும். வெளிச்சம் அந்த மூலக்கூறின் உருவத்தை மாற்றியிருந்தால், நடுப் பாலம் மடங்கி இரண்டு வளையமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால், இரண்டு பிள்ளைகளும் ஒரே கடையைப் பார்த்த கதைதான், இழுப்பு வரும். இருட்டில் நாள்கணக்கில் விட்டால் அது பழையபடி நிமிர்ந்திருக்கும். இழுப்பு போயிருக்கும்.

மறைப்பை இறக்கிவிட்டு அளக்க உட்கார்ந்தாள். முதல் புட்டி, பூஜ்யம். இரண்டாவது, பூஜ்யம். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி நூலிழை இப்படி, நூலிழை அப்படி.

ஏழாவது ஒன்று புள்ளி நான்கு.

இரண்டு புள்ளி மூன்றிலிருந்து அவ்வளவு தூரம் இறங்கி வந்து, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. மறுபடி அளந்தாலும் அதுவேதான். எட்டிலிருந்து பதினொன்று வரை மீண்டும் பூஜ்யம்.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. பையன் மாடிப்படியில் விழுந்துவிட்டான். ஒன்றுமில்லை, முட்டியில் சிராய்ப்புதான், ஆனால் அது தெரியாத அரைமணி நேரத்தில் அவள் அவசரமாக ஒரு குடுவையை எடுத்தாள். அடுப்பிலிருந்து எடுத்தாளா, கழுவிக் கவிழ்த்த தட்டிலிருந்து எடுத்தாளா? தட்டிலிருந்துதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும் இல்லை. அன்றிலிருந்து அந்த நினைவைத் தொடாமலே சுற்றி நடந்திருக்கிறாள். 'ஒரு தடவைகூட' என்று திங்கட்கிழமை அடித்துச் சொன்னபோதும் ஏழாவது வரியைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

புட்டியைக் கையில் எடுத்தாள். தொட்டி பக்கத்திலேயே இருந்தது. கவிழ்த்தால் இரண்டு வினாடி வேலை. பத்துப் பூஜ்யம் இருக்கும்போது பதினோராவதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாது, மறைத்துப் பழக்கமும் இல்லை. புட்டியை அதன் இடத்திலேயே திருப்பி வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் வந்தார். தலைவலியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நான் எதையும் தொட மாட்டேன் சார்," என்றாள் சொட்டக்கா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "குடுவையைக் காயவைக்கிறதுலேர்ந்து எல்லாம் இவரே பண்ணட்டும். ஒரே கரைசல். ரெண்டு குடுவையில சமமா ஊத்துங்க தம்பி. ஒண்ணுக்கு இந்தச் சட்டையைப் போடுங்க. ரெண்டையும் ஜன்னல்கிட்ட வைங்க."

நாத்தனார் வாய் சுருக்கும் கயிறெல்லாம் வைத்துக் குடுவைக்கு அளவாகவே தைத்துக் கொடுத்திருந்தாள். தலைவலி அதைக் குடுவைக்கு மாட்டிக் கயிற்றைக் கட்டினார். மறைப்பு ஏற்றப்பட்டது. வெயில் மேடை முழுக்க விழுந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றார் பேராசிரியர்.

"ஒரு மணி நேரம் சார். விதிப்படி."

பேராசிரியர் போய்விட்டு வந்திருக்கலாம். போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு குடுவைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டக்கா பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. தோள் வலித்தது.

சட்டை போட்ட குடுவையை முதலில் அளந்தார் தலைவலி. பூஜ்யம். பிறகு வெயிலில் நின்றதை அளந்தார். எண் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு புள்ளி மூணு."

பேராசிரியர் எழுந்து வந்து தானே ஒருமுறை அளந்தார். ஒன்று புள்ளி மூன்றேதான். அவர் பலகைக்குப் போய்ச் சாக்கட்டியை எடுத்து, தான் வரைந்திருந்த படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் வரைந்தார். அதே இரண்டு வளையம், அதே பாலம். இந்த முறை பாலம் மடங்கி, இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன.

"வெளிச்சம் இதை மடக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பூஜ்யம்னு கட்டுரையை அனுப்ப இருந்தேன்."

"அப்போ மூணு வாரமா நான் சரியா அளந்ததெல்லாம் என் தலைவலி செஞ்ச புண்ணியம்," என்றார் தலைவலி.

சொட்டக்கா இருட்டு அலமாரியைத் திறந்து புட்டிகளைக் காட்டினாள். நேற்று எடுத்த அளவுகளின் தாளையும் கொடுத்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். சிவப்புப் பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். சுவரில் பேராசிரியரே எழுதிச் சட்டம்போட்டு மாட்டிய விதி தொங்கியது: பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, தவறாக எழுதியவரே அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது.

பேராசிரியர் விதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் சேத்து ஒரு கோடு போட்டா போதாதா?"

"எழுதும்போது தனித்தனியாத்தானே எழுதினீங்க சார்."

அவர் உட்கார்ந்தார். முதல் 'தண்ணீர்' மேல் கோடு, கையெழுத்து, தேதி. இரண்டாவது. மூன்றாவது. மனுஷன் முகம் சிவந்தாலும் ஒன்றைக்கூட அவசரமாகப் போடவில்லை. ஆறாவது முடிந்து பேனா ஏழாவதுக்கு வந்தது. அவர் நேற்றைய தாளை இன்னும் முழுசாகப் பார்த்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சும்மா நின்றிருந்தால் அதுவும் அடிபட்டுப் போயிருக்கும்.

"அதை விட்டுடுங்க சார்."

"ஏன்?"

"அது தண்ணிதான்." அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "அன்னிக்கு அவசரத்துல காயாத குடுவையை எடுத்துட்டேன். திங்கக்கிழமை உங்ககிட்ட இல்லன்னு சாதிச்சேன். பொய்யில்ல, நானே அதை நினைச்சுப் பாக்காம இருந்துட்டேன். புட்டி அலமாரியில இருக்கு. இன்னும் ஒண்ணு புள்ளி நாலு காட்டுது."

பேனா அந்தரத்திலேயே நின்றது. பேராசிரியர் தாளை எடுத்து ஏழாவது எண்ணைப் படித்தார். ஒரு சொட்டுக்காக ஒருத்தியைக் கழுவும் அறைக்கு அனுப்ப இருந்தவர் அவர்; அந்தச் சொட்டு இப்போது அவர் கைக்கே வந்துவிட்டது. சொட்டக்கா வாளி இருக்கும் மூலையைப் பார்க்கவில்லை. நேராக அவர் கையைத்தான் பார்த்தாள்.

அவர் ஏழாவது வரியைத் தாண்டி எட்டாவதன்மேல் கோடு போட்டார். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"திங்கக்கிழமை காலையில முதல் அளவு உங்களோடது," என்றார். "வெளிச்சம் எவ்வளவு நேரத்துல மடக்குது, இருட்டு எவ்வளவு நேரத்துல நிமித்துதுன்னு எனக்கு வரிசையா வேணும்."

"சரிங்க சார்."

அவர் போன பிறகு அவள் பதிவேட்டை முன்னால் இழுத்தாள். ஏழாவது வரியில் அடிபடாமல் நின்ற 'தண்ணீர்' பக்கத்தில் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி, அடிக்கோலை வைத்துக் கோடு போட்டுப் புதிதாக ஒரு பத்தி பிரித்து, அதன் தலையில் 'வெளிச்சம்' என்று எழுதினாள். பிறகு தலைவலி காயவைத்து வைத்திருந்த குடுவையை எடுத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"தம்பி, இதோ ஒரு சொட்டு இருக்கு பாருங்க."